ஓமப் புகையும் 50 பவுனும்

அக்கா மகன் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயர், ஓமம் எல்லாம் இருக்கே, கொள்கை என்னாச்சு தோழர்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

என் கல்யாணம் சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, புரோகிதர் இல்லாமல் உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ இந்துத் திருமணம் செல்லும். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இது என் கல்யாணமில்லையே! பெண்ணும் மாப்பிள்ளையும் ஓமம் வேண்டும் என்றார்கள். புகையில் என் கண் எரிந்ததைத் தவிர யாருக்கும் நட்டமில்லை. சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன்.

நான் முரண்டு பிடித்தது வேறு இடத்தில். கல்யாணம் பேசப் போயிருந்தோம். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க. எங்க மூத்த மருமகளுக்கு அவங்க வீட்ல 50 பவுன் போட்டாங்க, அதுகூட நாங்க கேக்கல" என்றார். இதைவிட நாசூக்காக யாராலும் கேட்க முடியாது. பெண்ணின் அப்பா சிரித்தபடியே தலையாட்டினார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"நகைப் பேச்சு எடுத்தா நான் எந்திரிச்சுப் போறேன். தாய்மாமன் இல்லாமலே கல்யாணத்த நடத்திக்குங்க" என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். மாப்பிள்ளைப் பையனும் "மாமா சொல்றதுதான் சரி" என்றதும் பேச்சு அடங்கியது.

வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். கேட்டாலே சிறை, கொடுத்தாலும் வாங்கினாலும் 5 ஆண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் சட்டம் பேசினால் பெண்ணைப் பெற்றவருக்குச் சம்பந்தமே முறிந்துபோகும். எனக்கு என்ன போகும்? நாலு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வாய் திறக்க முடியாதவர் தலையில் கடன் விழப்போகிறது என்றால், திறக்க முடிந்தவன் திறந்துதான் ஆக வேண்டும். என் விருப்பு வெறுப்பு மட்டும் அடிபடுகிறது என்றால் அடிபடட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஐயர் வேண்டாம், முகூர்த்தம் பார்க்காதே என்று முதலிலிருந்தே மல்லுக்கு நின்றிருந்தால், நகை விஷயத்திலும் "இவன் எப்பவுமே இப்படித்தான்" என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். ஜாதகம் பார்த்தபோதுகூட வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய் தோஷம் என்று அந்தப் பெண்ணை ஒதுக்கியிருந்தால் அங்கேயும் சண்டைதான்.

அந்தப் பெரியவர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது அவர் பேரனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். பேச்சுவார்த்தைக்கு என்னைக் கூப்பிடுவார்கள் என்று தோன்றவில்லை.