நான்காவது ஷிஃப்டுக்குச் சரி சொல்வதற்கு முன்னால்

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் வேலைக்கு (ஏஜென்சி மூலம் வெளியூர் மருத்துவமனையில் சில வார காண்ட்ராக்ட்டில் பார்க்கிற வேலை) முதல்முறை போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, வாரம் 36 மணி நேர காண்ட்ராக்ட்டில் சேர்ந்துட்டு ஓவர்டைம் பார்த்துக்கலாமா, இல்ல 48 மணி நேரத்துக்கே கையெழுத்துப் போடலாமா?" ஓவர்டைம் என்றால் ஒன்றரை மடங்கு, அதில்தான் காசு என்ற நம்பிக்கை. டிராவல் வேலையில் அது பல நேரம் பொய்த்துப்போகிறது.

நம் சம்பளம் இரண்டு பங்காக வருகிறது. ஒன்று வரி பிடிக்கிற மணிக்கூலி. இன்னொன்று வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் தரும் ஸ்டைபெண்ட். வேறு ஊரில் நிரந்தர வீடு வைத்து அதற்குச் செலவும் செய்கிறவர்களுக்கு இதில் வரி கிடையாது. பல ஏஜென்சிகள் மணிக்கூலியைக் குறைத்து ஸ்டைபெண்டை ஏற்றி வைக்கின்றன. ஒன்றரை மடங்கு போடுவது அந்தக் குறைந்த மணிக்கூலிக்கு மட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கூலி 22 டாலர், வார ஸ்டைபெண்ட் 1,260 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேர ஷிஃப்ட் மூன்று பார்த்தால் 2,052 டாலர், அதாவது மணிக்கு 57. இப்போது நான்காவது ஷிஃப்ட். மத்தியச் சட்டப்படி ஓவர்டைம் வாரத்தில் 40 மணி நேரம் தாண்டிய பிறகுதான். அதனால் முதல் 4 மணி நேரத்துக்கு வெறும் 22, மீதி 8 மணி நேரத்துக்கு 33. மொத்தம் 352 டாலர். மணிக்கு 30 கூட வரவில்லை, அதிலும் வரி போகும். உடம்பு ஓய்ந்துபோன நாளுக்குப் பாதிக் கூலி!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 1938-இல் வந்த அந்த மத்தியச் சட்டம் ஒன்றரை மடங்கு வைத்ததே, முதலாளி ஒரே ஆளைப் பிழியாமல் இன்னொருவரை வேலைக்கு எடுக்கட்டும் என்றுதான். இங்கே நம்முடைய கூடுதல் நேரமே மலிவான நேரமாகிவிட்டது. 2021-இல் ஏஎம்என் சர்வீசஸ் என்ற டிராவல் நர்ஸ் ஏஜென்சியின் மீதான வழக்கில், மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தொட்டது. ஷிஃப்ட் குறைந்தால் ஸ்டைபெண்டையும் குறைக்கிறார்கள் என்றால் அது செலவுக்கான காசு இல்லை, வேலைக்கான கூலி. ஓவர்டைம் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்றது. கலிபோர்னியா, வாஷிங்டன், அரிசோனா பக்கம் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது உறுதி செய்த மணி நேரம். விடிகாலை ஐந்து மணிக்கு ஸ்க்ரப்ஸ் மாட்டி, சாப்பாடு கட்டி, சாவியைக் கையில் எடுக்கும்போது மெசேஜ் வரும்: "பேஷன்ட் குறைவு, இன்று வர வேண்டாம்." இரண்டு வாரத்துக்கு ஒரு ஷிஃப்டைக் காசில்லாமல் ரத்து செய்யலாம் என்று பல காண்ட்ராக்ட்டுகளில் இருக்கிறது. சிலவற்றில் அந்த நாளுக்கான ஸ்டைபெண்டும் போய்விடும். ஆனால் வாடகை குறையாது. ரத்தானாலும் 36 மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று காண்ட்ராக்ட்டில் எழுதியிருந்தால், வாரச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

48 மணி நேரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் இருப்பவருக்கு அந்தக் காசு தேவைதான். மொத்தத் தொகையை 48-ஆல் வகுங்கள். 36 மணி நேர காண்ட்ராக்ட்டைவிட மணிக்குக் குறைவாக வந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய ஷிஃப்டுகளில் தவறு நடக்கும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று 2004-இலேயே அமெரிக்க நர்ஸ்களை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. மருந்து ஏற்றுவது நம் கை, லைசென்சும் நம்முடையது.

கூடுதல் ஷிஃப்டுக்குத் தனி ரேட் கேளுங்கள். "எல்லாருக்கும் இதுதான்" என்று ஏஜென்சியின் ரெக்ரூட்டர் சொன்னால், அதையே ஈமெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் காண்ட்ராக்ட்டில் மசியாவிட்டாலும், வழக்கமான 13 வாரம் முடிந்து நீட்டிக்கச் சொல்லி அவர்களே கூப்பிடும்போது திரும்பக் கேளுங்கள். புது ஆளைப் பிடித்து ஓரியண்டேஷன் கொடுப்பது அவர்களுக்குச் செலவு, அதனால் அப்போது இறங்கி வருவார்கள்.