லேப்டாப் இருந்தால் வயலின்காரர் நடிக்கிறாரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "மேடையில் லேப்டாப் இருந்தால் வயலின்காரர் சும்மா நடிக்கிறார். எல்லாம் முன்பே பதிந்த ஒலி. ஏஐ வந்தபிறகு கிளம்பிய ஏமாற்று."

நடிப்பு என்பதும் ஏஐ வந்தபிறகு கிளம்பியது என்பதும், இரண்டுமே தவறு. ஏஐ என்ற பெயரே இல்லாத 1952-லேயே இத்தாலியரான புரூனோ மதெர்னா புல்லாங்குழலையும் ஒலிநாடாவையும் சேர்த்து இசை எழுதிவிட்டார். 1964-ல் ஜெர்மனியின் ஸ்டாக்ஹவுசன் எழுதிய ‘மைக்ரோஃபோனி 1’-ஐப் பாருங்கள். இருவர் ஒரு பெரிய வெண்கலத் தட்டைத் தட்டுகிறார்கள், தேய்க்கிறார்கள். இருவர் மைக்கைக் கையில் பிடித்து அதன்மேல் நகர்த்துகிறார்கள். இன்னும் இருவர் ஒலியை வடிகட்டும் ஃபில்டர்களைத் திருகி அந்த ஒலியை அப்போதே மாற்றுகிறார்கள். ஆறு பேருக்கும் கைநிறைய வேலை, நடிக்க நேரமேது?

சரி, பதிந்த ஒலியே வராதா? வரும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் ‘டிஃபரன்ட் டிரெயின்ஸ்’ (1988) படைப்பில் ரயில் ஓசையும் பேச்சுக்குரல்களும் பதிவிலிருந்துதான் வருகின்றன. அதோடு வயலின் வகைக் கருவிகளை நால்வர் நேரில் வாசிக்க வேண்டும். பதிவு யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், என் பார்வையில் இதுதான் கடினம்.

நம் ஊர்க் கச்சேரியில் எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி ஒலிப்பதால் பாடகர் வாயசைக்கிறார் என்கிறோமா? நேரடி வாசிப்பில் லேப்டாப் பெரும்பாலும் செய்வது இவ்வளவுதான்: மைக்கில் வரும் வயலின் ஒலியை வாங்கி, எதிரொலி சேர்த்தோ சுருதி மாற்றியோ ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. வில் நின்றால் சற்று நேரத்தில் அதுவும் அடங்கிவிடும்.