பெர்ல் ஸ்கிரிப்ட்டில் ஆப்ஷன் தானாகச் சுருங்க வேண்டாம்

கிரோனில், அதாவது குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் வசதியில், ஓடுகிற எந்தப் பெர்ல் ஸ்கிரிப்ட்டிலும் ஆப்ஷன் பெயர்களை (கட்டளையோடு சேர்த்து அடிக்கும் விருப்பச் சொற்களை) தானாகச் சுருக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். மலேசியாவில் பகாவ் பக்கம் செம்பனை எடைச் சீட்டுக் கணக்கோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன், குலை வெட்டுகிறவரின் மாதச் சம்பளம் அந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

யோஹான் ஃப்ரோமன்ஸ் எழுதிய கெட்டாப்ட்::லாங் என்ற, ஆப்ஷன்களைப் படிக்கும் மாட்யூல் பெர்லோடு கூடவே வருகிறது. அதில் --ரிப்போர்ட் என்று ஓர் ஆப்ஷன் வைத்தால், வேறு பெயரோடு மோதாதவரை --ரிப் என்று அடித்தாலும் போதும். கையால் அடிக்கும்போது சுகம்தான். ஆனால் கிராணி ஒருவர் அதே --ரிப்பைக் கட்டளைகள் அடங்கிய ஷெல் கோப்பில் எழுதி வைத்துவிடுகிறார், அப்புறம் ஒரு நாள் வேறொருவர் நல்ல எண்ணத்தில் --ரிப்ளேஸ் என்று புதிய ஆப்ஷன் சேர்க்கிறார், அன்றைக்கே பழைய வரி குழம்பிப்போகிறது. மாட்யூல் எச்சரிக்கை அச்சிடும், அதன் கெட்ஆப்ஷன்ஸ் ஃபங்ஷன் தோல்வி என்று பொருள்படும் பொய் மதிப்பைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். பக்கத்தில் 'ஆர் டை' (தோற்றால் நிறுத்து) என்று எழுதாத ஸ்கிரிப்ட் நிற்காது, ரிப்போர்ட் காலியாக இருக்க, மீதி வேலையைச் செய்துகொண்டே போகும்.

இதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடக்கும். --கிளீன்-ஸ்பேஸ் என்பதைச் சிலர் --கிளீன் என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். பின்னால் யாராவது பழைய கோப்புகளை அழிப்பதற்கு --கிளீன் என்றே ஓர் ஆப்ஷன் வைத்தால், முழுப் பொருத்தம்தான் ஜெயிக்கும், எச்சரிக்கை ஒரு வரி கூட வராது! சீட்டில் இடைவெளி நீக்க வந்தவர் சீட்டையே இழப்பார்.

இன்னொன்று, போசிக்ஸ்லி_கரெக்ட் என்ற சூழல் மாறி இருக்கும் கணினியில் சுருக்கம் இயல்பாகவே வேலை செய்யாது. ஆபீஸில் ஓடியது ஆலையில் ஓடாது. பைத்தான்காரர்களும் இதைப் பட்டுத்தான் உணர்ந்திருக்க வேண்டும், 3.5-இல் அவர்களுடைய ஆப்ஷன் படிக்கும் மாட்யூலான ஆர்க்பார்ஸுக்கு, சுருக்கத்தை அணைக்க உதவும் அலவ்_அப்ரெவ் வந்தது.

அதனால் கெட்டாப்ட்::லாங்கில் சுருக்கத்தை அணைக்கும் நோ_ஆட்டோ_அப்ரெவ் அமைப்பைப் போடுங்கள். சுருக்கம் வேண்டுமென்றால் முழுப் பெயருக்குப் பக்கத்தில் செங்குத்துக் கோடு போட்டு நீங்களே ஓர் எழுத்தைக் கொடுங்கள், அது நீங்கள் மாற்றும்வரை மாறாது.

ஆனால் பழைய ஸ்கிரிப்ட்டில் இதைப் போடுவதற்கு முன் கிரோன் வேலைப் பட்டியலான கிரோன்டாப்பையும் ஷெல் கோப்புகளையும் திறந்து, சுருக்கி எழுதிய வரிகளையெல்லாம் முழுப் பெயராக மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் கை வைக்காதீர்கள்.