கருவி 'டிக்' என்றால் அணுக்கசிவா?

மும்பை செம்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அணு ஆராய்ச்சி மையம் இருக்கும் டிராம்பே பக்கம் ஒருவர் பிடித்திருக்கும் கைகர் கருவி, அதாவது கதிர்வீச்சை எண்ணும் கருவி, டிக், டிக் என்கிறது. "அணு உலை கசிகிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். அரசு மறைத்து வைத்த கருவி இது" என்கிறது குரல். இரண்டுமே தவறு.

கருவிக்குள் வாயு அடைத்த ஒரு குழாய், அதில் சில நூறு வோல்ட். ஒரு கதிரைக் குழாய் பிடித்தால் ஒரு டிக், அவ்வளவுதான். வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் கதிர்கள் எந்நேரமும் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் சமையல் மேடை கிரானைட்மேல் வைத்தாலும் அது டிக் அடிக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இன்னும் வேகமாக அடிக்கும். அங்கே உலை கிடையாது, மணலில் தோரியம் என்ற கதிர்வீசும் தனிமம் கலந்த மோனசைட் கனிமம் இருக்கிறது.

மறைத்து வைத்த கருவியா? 1908இல் இயற்பியலாளர்கள் கைகரும் ரூதர்ஃபோர்டும் கதிர்வீச்சில் ஒரு வகையான ஆல்ஃபா துகள்களைக் கருவியால் எண்ணினார்கள். 1928இல் கைகரும் அவர் மாணவர் முல்லரும் மற்ற வகைகளான பீட்டா, காமாவையும் பிடிக்கும் குழாயைச் செய்தார்கள். அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது, கனத்த பெட்டி கைக்குள் அடங்கியது. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் வாங்கலாம்.

சத்தத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். மணிக்கு 0.1, 0.2 மைக்ரோசீவர்ட் (உடலுக்குப் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது பல ஊர்களிலும் இயல்பாக இருக்கும் அளவு. வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். திரையில் இருப்பது 0.14.