அந்தப்புரத்துக்கு வெளியேயும் பெண்கள் இருந்தார்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த சீன வரலாற்றுப் பேச்சின் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். ஒரு மணி நேரப் பேச்சில் பெண்கள் வந்தது இரண்டே இடம்: சிறு வயதிலேயே துணியால் இறுகக் கட்டி வளரவிடாமல் செய்த பாதம், அப்புறம் பெற்ற குழந்தையையே கொன்ற வூ செதியன். அரங்கம் கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

690 முதல் 705 வரை பேரரசர் என்ற பட்டத்தோடு தன் பெயரிலேயே ஆண்டவர் வூ. சீனாவில் அப்படி ஆண்ட ஒரே பெண். குழந்தை இறந்தது 654-ல் என்கிறார்கள். அந்தக் கொலைக் கதையை விரிவாகச் சொல்லும், தாங் அரச வம்சத்தைப் பற்றிய 'புதிய தாங் வரலாறு' முடிந்ததோ 1060-ல். எழுதியவர்கள் அரசவை ஆண்கள். யார் எழுதியது என்று பார்த்துவிட்டுப் பேசக் கூடாதா?

"கொடுமைக்காரிதானே" என்பீர்கள். ஆமாம், ஒற்றர்களை வைத்து எதிரிகளை ஒழித்தவர்தான். அவருக்கு முந்தைய தாங் பேரரசர் தாய்சோங் 626-ல் அண்ணனையும் தம்பியையும் கொன்றுவிட்டு அரியணைக்கு வந்தார். அதே பேச்சில் அவர் மாமன்னர்!

பாதம் கட்டிய கொடுமையை நான் மறுக்கவே இல்லை. அந்தக் காலோடு உட்கார்ந்து நூற்றார்கள், நெய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். பாதம் கட்டும் வழக்கம் பரவுவதற்கு முன்பும் இதே கதைதான்: தாங் ஆட்சியின் முற்பகுதியில் வரி என்பது தானியம், துணி, ஆண்டுக்கு 20 நாள் உழைப்பு. வரிக் கணக்கு ஆண் பெயரில். பட்டும் துணியும் நெய்தது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அரசாங்கக் கருவூலமே அவர்கள் கையால் நிரம்பியது.

எங்கள் வீட்டிலும் தறி இருந்தது. அம்மா விடிவதற்குள் ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைக் குழலில் சுற்றி, தார் தயார் செய்து வைத்தால்தான் அப்பா தறியில் இறங்க முடியும். நூல் ஓடி ஓடி அம்மாவின் ஆள்காட்டி விரலில் ஒரு கோடே விழுந்திருந்தது. நெசவாளர் சங்கத்து அட்டை அப்பா பெயரில், கூலியும் அப்பா பெயரில். யாராவது கேட்டால் அம்மா "வீட்டில் சும்மா இருக்கிறார்". இதை அனுபவித்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும்.

உடனே ஒருவர் ஹான் வம்சக் காலத்துப் பெண் அறிஞர் பான் ஜாவைத் தூக்கிக்கொண்டு வருவார்: "பெண்கள் பணிந்து நடக்க வேண்டும் என்று எழுதியதே ஒரு பெண்தானே." எழுதினார், சரி. அண்ணன் பான் கு கி.பி. 92-ல் சிறையில் இறந்த பிறகு, அவர் எழுதிப் பாதியில் நின்ற ஹான் வம்ச வரலாற்றை முடித்துக் கொடுத்தவரும் அவர்தான். எட்டு வயதில் பையன்களுக்கு எழுத்து கற்றுத் தருகிறீர்களே, பெண் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று அவர் கேட்டதும், பணிந்து நடக்கச் சொன்ன அதே நூலில்தான். அந்த வரி மட்டும் ஏன் எந்த மேடையிலும் வருவதில்லை?