கழுவினால் எல்லாக் கந்தகமும் போகாது

“நிலக்கரியை நன்றாகப் பொடித்துக் கழுவினால் கந்தகம் போய்விடும்” என்று நிலக்கரியைச் சுத்தம் செய்வது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது பாதிதான் சரி. கரிக்குள் கந்தகம் முக்கியமாக இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், துண்டை உடைத்தால் தங்கம் மாதிரி மினுக்குமே, அதுதான். கரியைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் பெரிய துண்டில் எடையை வைத்தே பிரித்துவிடலாம். ஆனால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே பொடியாகிவிட்டால் அந்த வித்தியாசம் அவ்வளவாக எடுபடாது, நுரையில் மிதக்கவிட்டுத்தான் கரியை எடுக்க வேண்டும், அங்கேயும் ஓரத்தில் கொஞ்சம் கரி ஒட்டிய பைரைட் துணுக்கு குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். நுரைமேல் தண்ணீர் தெளித்தால் குமிழியில் ஒட்டாமல் சும்மா கூட வந்தது இறங்கும், ஒட்டியது இறங்காது.

இன்னொன்று கரிமத்தோடேயே பிணைந்த கந்தகம். அசாமில் மார்கரிட்டா பக்கத்துக் கரியில் பெரும்பகுதி இந்த வகைதான், எவ்வளவு பொடித்தாலும் கழுவினாலும் அசையாது. உருக்கிய காஸ்டிக் சோடாவில் போட்டு எடுக்கும் முறை இருக்கிறது, சரி, ஆனால் செலவை யார் தாங்குவது?

அமெரிக்காவில் மின்நிலையப் புகையில் கந்தகத்தைக் குறைக்கச் சொன்ன 1990 காற்றுத் தூய்மைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பல மின்நிலையங்கள் என்ன செய்தன? வயோமிங்கிலிருந்து கந்தகம் குறைந்த கரியை ரயிலில் வரவழைத்தன, இல்லையென்றால் புகைபோக்கிக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் கலவையைத் தெளித்துப் புகை வாயுவைக் கழுவின. அப்புறம் கழுவிய பொடியில் தங்கும் ஈரம், அதைப்பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே?