வில்லங்கச் சான்று மட்டும் போதாது

மாதவரத்தில் முதல் மனை வாங்கப் போகிற தம்பிக்கு, "வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லையென்றால் மனை சுத்தம், தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது சரியில்லை.

வில்லங்கச் சான்று காட்டுவது, நாம் கேட்ட காலத்தில், நாம் கொடுத்த சர்வே எண்ணுக்குப் பதிவான ஆவணங்களை மட்டும்தான். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனால் அண்ணன் தம்பிக்குள் பதிவாகாத உயில் ஒன்று இருந்தால் அது இதில் வராது. நீதிமன்றத்தில் நடக்கிற பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் வராது. பழைய சர்வே எண் உட்பிரிவாகி மாறியிருந்தால், புது எண்ணில் மட்டும் தேடும்போது பழைய அடமானம்கூட விட்டுப்போகலாம். எனக்குப் பெரிய கவலை இதில்தான்.

நீங்களே பார்க்கலாம். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஒரே மனைக்குப் பழைய எண், புதிய எண் இரண்டையும் போட்டு, 30 ஆண்டுக்காவது தேடுங்கள். தாய்ப்பத்திரத்தில், அதாவது மனையின் பழைய மூலப்பத்திரத்தில், உள்ள ஒவ்வொரு கைமாற்றமும் அதில் வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள். அப்புறம் நீதிமன்ற வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரையும் அவருக்கு முந்தைய உரிமையாளர் பெயரையும் தேடுங்கள். விற்பவருக்கு அது பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றையும் கேளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகு, அட்வான்ஸ் கொடுக்கும் முன், மூலப்பத்திரங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள் தம்பி.